ஒரு மில்லி குப்பியும் ஒரு டப்பா பொடியும்: தாவர ஆல்கலாய்டு மருந்துகள் எப்படி?

புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் ஊசிக் குப்பியை முதல்முறை கையில் எடுப்பவருக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். கட்டைவிரல் உயரம்தான். உள்ளே ஒரே ஒரு மில்லி திரவம், பார்க்கத் தண்ணீர் மாதிரி. அதில் இருக்கும் மருந்து 1 மில்லிகிராம். அதன் பக்கத்தில் நித்தியகல்யாணி இலைப்பொடி அடைத்த காப்ஸ்யூல் டப்பா ஒன்றை வையுங்கள். ஒவ்வொரு காப்ஸ்யூலிலும் 500 மில்லிகிராம் பொடி, மூடியில் ஊதாப் பூப் படம், ஓரத்தில் புற்றுநோய் பற்றி ஒரு சாடைமாடையான வாசகம். இரண்டும் ஒரே செடியிலிருந்து வந்தவை. "நித்தியகல்யாணியில் புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறது" என்ற உண்மையான செய்தியை வைத்துக்கொண்டுதான் அந்த டப்பா விலைபோகிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 1 கிராம் வின்கிரிஸ்டின் பிரித்தெடுக்க ஏறக்குறைய 2,000 கிலோ உலர்ந்த இலை வேண்டும். அதாவது கிலோவுக்கு அரை மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு வழக்கமாகச் செலுத்தும் உச்ச அளவு 2 மில்லிகிராம். அதற்கு 4 கிலோ காய்ந்த இலை. இதே கணக்கில் ஒரு காப்ஸ்யூலுக்குள் இருப்பது 0.00025 மில்லிகிராம். ஒரு ஊசிக்கு ஈடுகட்ட 8,000 காப்ஸ்யூல் விழுங்க வேண்டும். பிரித்தெடுக்கும்போது கொஞ்சம் வீணாகும், இலையில் நிஜமாக இருப்பது இதைவிடக் கூடுதல் என்றே வைத்துக்கொண்டாலும், யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். விழுங்கியதும் முழுதாக ரத்தத்துக்குப் போய்ச் சேராது. குடலில் இது சரியாக உறிஞ்சப்படாத பொருள்.

இந்த மதிப்பீட்டில் எடுத்துக்கொண்டவை நான்கு வகை: வின்கிரிஸ்டின் ஊசி, மலேரியாவுக்கான கொய்னா, பெருங்குடல் புற்றுக்கான இரினோடிகான், பிறகு பொடி, காப்ஸ்யூல் சமாச்சாரங்கள். செடிகள் உண்டாக்கும், நைட்ரஜன் கொண்ட காரப் பொருள்களைத்தான் ஆல்கலாய்டு என்கிறோம். ஆர்ட்டிமிசினின் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். மலேரியாவுக்கு இன்று அதுதான் முதல் மருந்து, செடியிலிருந்து வந்ததும்கூட. ஆனால் அதில் நைட்ரஜனே கிடையாது, ஆகவே ஆல்கலாய்டும் கிடையாது. கொய்னாவுக்குப் போட்டியாளர் என்ற முறையில் மட்டும் வந்து போகும்.

வின்கிரிஸ்டின் ஊசி

இது கண்டுபிடிக்கப்பட்ட விதமே பொடி விற்பவர்களுக்கு எதிரான சாட்சி. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடித்துவந்த நித்தியகல்யாணி இலை, 1952இல் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் கைக்குப் போனது. சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார்கள். ரத்தச் சர்க்கரை அசையவில்லை. ஊசியில் செலுத்திப் பார்த்தபோது எலிகள் தொற்று வந்து இறந்தன. பிரேதப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் சரிந்து, எலும்பு மஜ்ஜை வற்றியிருந்தது தெரிந்தது. வெள்ளையணுக்கள் கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுக்கு இதைப் பயன்படுத்தலாமே என்ற யோசனை அங்கிருந்துதான் பிறந்தது. நோபிளும் சார்லஸ் பியரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். வின்கிரிஸ்டின் அடுத்து வந்தது, 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாய்வழி ஒன்றும் ஆகவில்லை, ஊசிவழி எலி செத்தது என்ற இந்த ஒரு வரியை யாரும் டப்பாவில் அச்சடிப்பதில்லை.

வேலை செய்யும் விதம் எளிது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கக் கயிறு வேண்டும். அந்தக் கயிறு நுண்குழல்கள். டியூபுலின் என்ற புரதத்தைச் செங்கல் செங்கலாக அடுக்கிக் கட்டுவது. வின்கிரிஸ்டின் செங்கலைப் பிடித்துக்கொண்டு அடுக்க விடாது. பிரிய முடியாத செல் அங்கேயே நின்று சாகும். கோளாறும் இதே இடத்திலிருந்துதான். நரம்பு செல்லின் நீண்ட வாலுக்குள் சரக்குப் போய்வரும் தண்டவாளமும் இந்த நுண்குழல்தான். ஆகவே நரம்பு பாதிப்பை இந்த மருந்தின் பக்கவிளைவு என்பதைவிட மறுபக்கம் என்றே சொல்ல வேண்டும்.

அளவு: பெரியவர்களுக்குச் சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 1.4 மில்லிகிராம், வழக்கமாக வாரம் ஒருமுறை, பெரும்பாலான மையங்களில் 2 மில்லிகிராமுக்கு மேல் போகாமல். குழந்தைகளுக்கு 1.5 முதல் 2 வரை. 10 கிலோவும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைக்குப் பரப்புக் கணக்கு வேண்டாம், கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். பித்தநீர் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் கல்லீரலைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் நேரடி பிலிருபின் என்ற பித்த நிறமி டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் அளவைப் பாதியாகக் குறைப்பது வழக்கம். சிறுநீரகம் எப்படி இருந்தாலும் இதற்குக் கவலையில்லை.

குப்பியின் மேல் "சிரைவழி மட்டும், வேறு வழியில் செலுத்தினால் உயிர்போகும்" என்று எழுதியிருக்கும். சட்டத்துக்காக எழுதிவைத்த வாசகம் என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தப் புற்றுக் குழந்தைக்கு அதே நாளில் தண்டுவட நீருக்குள் மெத்தோட்ரெக்சேட் என்ற வேறொரு மருந்தைப் போடுவார்கள். அதுவும் சிறிய சிரிஞ்ச், இதுவும் சிறிய சிரிஞ்ச். இரண்டும் ஒரே தட்டில் வந்து கை மாறிப்போனால் கால் தொடங்கி மேல்நோக்கி வாதம் ஏறும், பிழைப்பவர்கள் அபூர்வம். பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரிக்கை விடுத்தது. தீர்வு வேடிக்கையான அளவுக்கு எளிது: மருந்தைச் சிரிஞ்சில் நிரப்பவே வேண்டாம், 50 மில்லி உப்புநீர்ச் சிறுபையில் கலந்து அனுப்புங்கள். அவ்வளவு பெரிய பையை முதுகெலும்பு ஊசியில் மாட்ட யாருக்கும் தோன்றாது. இன்னும் சிரிஞ்சிலேயே அனுப்பும் மருந்தகம் இருந்தால் அதை இந்த மதிப்பீட்டில் தோல்வி என்றே எழுத வேண்டும்.

கலக்கும்போது உப்புநீர் அல்லது குளுக்கோஸ் நீர், வேறெதுவும் வேண்டாம். கரைசலின் பிஎச் 3.5க்கும் 5.5க்கும் வெளியே போகக் கூடாது. சோடியம் பைகார்பனேட் ஓடிய குழாயில் அப்படியே இதைத் தொடர்வது கூடாது. குப்பி 2 முதல் 8 டிகிரியில், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும்.

சிரையை விட்டுச் சுற்றியுள்ள திசுவுக்குள் கசிந்தால் தோல் புண்ணாகி அழுகும். நிறுத்துங்கள், ஊசியை உருவாமல் அதன் வழியாகவே முடிந்தவரை உறிஞ்சி எடுங்கள், உப்புநீர் விட்டு அலசாதீர்கள். அடுத்த படியில்தான் அனுபவசாலிகளே தடுமாறுவது: டாக்சோரூபிசின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து கசிந்தால் பனிக்கட்டி ஒத்தடம், வின்கிரிஸ்டினுக்கு நேர் எதிர், வெதுவெதுப்பான ஒத்தடமும், தேங்கிய மருந்தைப் பரவவிடும் ஹயலூரானிடேஸ் நொதி ஊசியும். இங்கே குளிர் வைத்தால் மருந்து அதே இடத்தில் தேங்கிப் புண்ணைப் பெரிதாக்கும். பலருக்கு இரண்டு மருந்தும் ஒரே நாளில் ஏறுகிறது. எது கசிந்தது என்று தெரியாமல் ஒத்தடம் வைக்கக் கூடாது.

நரம்பு பாதிப்பை எந்திரம் வைத்து அளக்கத் தேவையில்லை. முதலில் போவது குதிகால் தசைநாணின் துடிப்பு. சுத்தியல் தட்டினால் பாதம் அசையாது. சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லிப் பாருங்கள், குதிகாலை ஊன்றி நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். பாதம் தொங்கினால் அடுத்த தவணைக்கு முன் மருத்துவர் யோசித்தாக வேண்டும். முதல் ஊசிக்குப் பிறகு தாடை வலி வரலாம். பல்வலி என்று பல் மருத்துவரிடம் போகிறவர்கள் உண்டு. மலச்சிக்கலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குடல் நரம்பே தூங்கிவிடுகிறது. வயிறு உப்பி, வாந்தி எடுக்கும் நிலை வரும்வரை காத்திருக்காமல் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி தொடங்குவதுதான் முறை. சார்கோட்-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய் குடும்பத்தில் இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள். ஒரே தவணையில் கைகால் விழுந்துவிடலாம்.

இன்னொரு கண்ணி: பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல். இவை கல்லீரலில் வின்கிரிஸ்டினைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியைக் கட்டிப்போடும். 2 மில்லிகிராம் கொடுத்தும் உடல் அதைவிட மிக அதிகமாகக் கொடுத்ததுபோலத் தவிக்கும். சீட்டில் இரண்டும் சேர்ந்திருந்தால் மருந்தாளுநர் போன் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

தம்பி மருந்தான வின்பிளாஸ்டின் (வயதில் அண்ணன்) மூலக்கூறளவில் ஒரே ஒரு இடத்தில் வேறுபடுகிறது: அதில் மெத்தில் இருக்கும் இடத்தில் இதில் ஃபார்மைல். அந்த அற்ப மாற்றத்துக்கு நரம்புக்குப் பதில் எலும்பு மஜ்ஜை அடிவாங்குகிறது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா சிகிச்சையில் சதுர மீட்டருக்கு 6 மில்லிகிராம் கொடுப்பார்கள். பெயர் மயக்கத்தில் அந்த அளவுக்கு வின்கிரிஸ்டினை ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெயரின் நடுப்பகுதியைப் பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கம் இதற்காகத்தான் வந்தது.

மருந்தாக எங்கள் தீர்ப்பு: அறுபது வருடம் தாண்டியும் குழந்தைகளின் தீவிர லிம்ஃபோசைட் ரத்தப் புற்றில் இதை எடுத்துவிட்டுச் சிகிச்சை எழுத முடியவில்லை. குப்பி நல்ல சரக்கு, கையாளுபவர்தான் சரியாக இருக்க வேண்டும்.

கொய்னா

சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பெல்லெட்டியேவும் காவென்டூவும் பிரித்தெடுத்தது. பட்டையை அரைத்துக் கரைத்துக் குடித்த காலத்தில் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் சத்தில் ஏழாம் பொருத்தம். ஒருவர் பிழைப்பார், அதே அளவு குடித்த இன்னொருவருக்குக் காய்ச்சல் திரும்பி வரும். படிகமாகப் பிரித்த பிறகுதான் எடை போட்டுக் கொடுக்க முடிந்தது.

மலேரியா கிருமி சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. மிச்சமாகும் ஹீம் அதற்கே விஷம். ஆகவே அதைப் படிகமாகக் கட்டி மூலையில் ஒதுக்கிவைக்கும். அந்தக் குப்பை கட்டும் வேலையைக் கொய்னா கெடுக்கிறது. கிருமி தன் எச்சிலிலேயே மாள்கிறது.

மாத்திரையில் முதலில் பார்க்க வேண்டியது எழுதியிருக்கும் எண் உப்பின் எடையா, காரத்தின் எடையா என்பது. கொய்னா சல்ஃபேட், டைஹைட்ரோகுளோரைடு இரண்டிலும் நூற்றுக்கு 82 பங்குதான் கொய்னா. பைசல்ஃபேட் என்றால் 59 பங்குதான். 300 மில்லிகிராம் என்று போட்ட இரண்டு அட்டைகள் இந்தக் காரணத்தால் ஒன்றல்ல. அளவு குறைந்து தோற்ற சிகிச்சை சிலவற்றில் எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமி என்று பழி போடுவதற்கு முன் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பெரியவருக்குச் சல்ஃபேட் 600 மில்லிகிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, 7 நாள், கூடவே டாக்சிசைக்ளின் அல்லது கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. நடப்பில் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டிருக்கும், காது இரைய ஆரம்பித்திருக்கும், வாய் முழுக்கக் கசப்பு, குமட்டல், பார்வை மங்கல். நோயாளி மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார். காதில் இரைச்சல் வந்தால் ஒவ்வாமை என்று பயப்பட வேண்டாம், மருந்து ரத்தத்தில் போதிய அளவு ஏறியிருக்கிறது என்பதன் அடையாளமே அது. சின்கோனிசம் என்பார்கள். நிறுத்தியதும் பெரும்பாலும் அடங்கும். மலேரியா மருந்தாகக் கொய்னாவுக்கு நாங்கள் மதிப்பெண் குறைப்பது இந்த ஏழு நாளுக்காகத்தான்: கிருமியைக் கொல்கிறது, ஆனால் மனிதர் தொடர்ந்து சாப்பிடமாட்டேன் என்கிறார்.

சிரைவழி கொடுக்கும்போது விஷயம் இன்னும் கூர்மை. முதல் தவணை கிலோவுக்கு 20 மில்லிகிராம் உப்பு, 4 மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக. பிறகு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 10 மில்லிகிராம். மணிக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற வேகத்தை மீறக் கூடாது. சிரிஞ்சில் ஏற்றி ஒரே தள்ளில் செலுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து இதயம் நிற்கும். 48 மணி நேரம் கழித்தும் நோயாளி தேறாவிட்டால், அல்லது சிறுநீரகம் படுத்துவிட்டால், தவணையை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து சேர்ந்துகொண்டே போகும். தசையில்தான் போட முடியும் என்ற நிலை வந்தால் நீர்த்து, இரண்டாகப் பிரித்து, தொடையின் முன்பக்கம். புட்டத்தில் வேண்டாம், அங்கே ஓடும் பெரிய நரம்பு போனால் கால் போகும்.

அதிகம் தவறவிடப்படுவது சர்க்கரை. கொய்னா கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளிவிடச் செய்கிறது. மலேரியாவே ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். கர்ப்பிணி என்றால் இரட்டிப்பு ஆபத்து. நினைவு தப்பியவரைப் பார்த்து "மூளை மலேரியா முற்றிவிட்டது" என்று எழுதுவதற்கு முன் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். சர்க்கரை குறைந்ததுதான் காரணம் என்றால், குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்துவிடலாம்.

இத்தனையும் சொன்ன பிறகு உண்மையைச் சொல்லியாக வேண்டும்: கடுமையான மலேரியாவில் கொய்னா தோற்றுவிட்டது. 2005இல் வெளிவந்த சீக்வாமாட் ஆய்வில் 1,461 பேர். ஆர்ட்டிமிசினின் வழிவந்த ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம் இறந்தார்கள், கொய்னா பெற்றவர்களில் 22 சதவீதம். 2010இல் ஆப்பிரிக்கக் குழந்தைகள் 5,425 பேரிடம் நடந்த அக்வாமாட்டும் ஆர்ட்டிசுனேட் பக்கமே சாய்ந்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் மட்டும் கொய்னாவின் கோட்டையாக இருந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் அங்கேயும் ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் கூட்டு மாத்திரையை முன்னால் வைத்துவிட்டது. ஆர்ட்டிசுனேட் கைக்கு எட்டாத இடத்தில் கொய்னா இன்றும் உயிர்காக்கும். அலமாரியில் இருக்கட்டும், இரண்டாம் தட்டில். இரவில் கால் குரக்களிக்கு இதை வாங்கிப் போடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்காக எடுத்துத் தட்டணு சரிந்து இறந்தவர்கள் உண்டு, அமெரிக்க அதிகாரிகள் வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறார்கள்.

மாத்திரை போலியா என்று பார்க்க ஒரு பழைய வித்தை உண்டு. துண்டு மாத்திரையை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்துப் புற ஊதா விளக்கின் கீழே வையுங்கள். கொய்னா இருந்தால் திரவம் நீலமாக ஒளிரும். அதே குழாயில் ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பைப் போட்டுக் கலக்கினால் ஒளி மங்கும். குளோரைடு அந்த ஒளியைத் தணிக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு "ஒளிரவே இல்லை, போலி" என்று முடிவுகட்டுபவர்கள் செய்யும் தப்பு இதுதான். ஒளிர்ந்தால் கொய்னா இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. அதற்கு ஆய்வகத்தில் நிறப்பிரிகைதான் வழி.

இரினோடிகான்

சீனாவின் கேம்ப்டோதீகா மரத்திலிருந்து மன்ரோ வாலும் மன்சுக் வானியும் 1966இல் அறிவித்த கேம்ப்டோதெசினின் பேரப்பிள்ளை இது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நொதபோடைட்ஸ் மரத்திலும் அதே மூலப்பொருள் கிடைக்கிறது. ஏற்றுமதிக்காக அந்த மரத்தை வேரோடு சாய்த்தது தனிக் கதை.

தாத்தா தோற்ற விதம் சுவாரசியமானது. கேம்ப்டோதெசின் தண்ணீரில் கரையாது. 1970களில் அதைச் சோடியம் உப்பாக்கிக் கரையவைத்து நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். கரைந்தது, ஆனால் அந்தச் சேர்க்கையில் மூலக்கூறின் ஒரு வளையம் திறந்துகொண்டது. மூடிய வளையம்தான் புற்றைத் தாக்கும். திறந்தது கிட்டத்தட்ட வெறும் சுமை. அந்தச் சுமை சிறுநீர்ப்பைக்குப் போனதும், சிறுநீரின் அமிலத்தில் வளையம் மறுபடி மூடிக்கொண்டு, வேலை செய்ய வேண்டாத இடத்தில் வேலை செய்தது. ரத்தமாகச் சிறுநீர் போயிற்று. ஆய்வுகளை மூட்டைகட்டினார்கள். அப்புறம் இருபது வருடம் கழித்து, மூடிய வளையத்தோடு கரையும்படி மாற்றி எழுதப்பட்ட டோபோடிகானும் இரினோடிகானும்தான் மருந்தாக நின்றன. 1996இல் இரண்டும் அமெரிக்க அனுமதி பெற்றன.

பெருங்குடல் புற்றுக்கு ஃபோல்ஃபிரி என்ற கூட்டு மருந்துத் திட்டத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை சதுர மீட்டருக்கு 180 மில்லிகிராம். உடலுக்குள் போய் எஸ்என்-38 என்ற வீரிய வடிவமாக மாறிய பிறகுதான் கடிக்கும். இதன் சிக்கல் வயிற்றுப்போக்கு, அதுவும் இரண்டு தினுசு. சொட்டு ஏறும்போதோ அதே நாளிலோ வியர்த்து, கண்ணில் நீர் வழிந்து, வயிறு பிசைந்து வருவது ஒன்று, அதற்கு அட்ரோபின். சில நாள் கழித்து வருவது வேறு ஜாதி. கல்லீரல் எஸ்என்-38ஐக் கட்டிப் பித்தத்தோடு அனுப்ப, குடல் பாக்டீரியா கட்டை அவிழ்த்துவிடும். குடல் சுவர் வெந்துபோகும். முதல் இளகிய மலத்திலேயே போக்கை நிறுத்தும் லோபராமைடு 4 மில்லிகிராம், பிறகு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மில்லிகிராம், போக்கு நின்று 12 மணி நேரம் ஆகும்வரை. கடை மருந்துச் சீட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைப் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். இங்கே அந்த அளவு பொருந்தாது. மாத்திரையை வீட்டில் வாங்கிவைத்துவிட்டுத்தான் முதல் சொட்டுக்கே போக வேண்டும். காய்ச்சலும் சேர்ந்தால் வீட்டில் உட்காராமல் மருத்துவமனைக்கு.

யூஜிடி1ஏ1 என்ற மரபணுவில் 28 என்ற வகை இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு எஸ்என்-38 வெளியேறுவது மெதுவாகும், வெள்ளையணு சரியும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். முதல் தவணையைக் குறைத்துத் தொடங்கலாம். செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகையை மனச்சோர்வுக்கு எடுப்பவர்களுக்கோ நேர்மாறு: எஸ்என்-38 அளவு கணிசமாகக் குறைந்து சிகிச்சை வீணாகும். ஒரு செடி மருந்தை இன்னொரு செடி கவிழ்க்கிறது.

கஷ்டமான மருந்து, ஆனால் குடும்பம் நல்ல குடும்பம். அதே வம்சத்து டெருக்ஸ்டெகானை எதிர்ப்புரதத்தின் முதுகில் எட்டு எட்டாக ஏற்றி மார்பகப் புற்றுக்கு அனுப்புகிறார்கள்.

பொடி, காப்ஸ்யூல், கஷாயம்

நித்தியகல்யாணிப் பொடியைப் பற்றிய கணக்கை மேலே பார்த்தாயிற்று. புற்றைத் தொடாது என்பதால் தீங்கும் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இந்தச் செடியில் 130க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உண்டு. வின்கிரிஸ்டின் அணுவளவு, வின்டோலின், கேதரான்தின், அஜ்மலிசின் போன்றவை தாராளம். அஜ்மலிசின் ரத்த அழுத்தத்தில் கை வைக்கக்கூடியது. எது எவ்வளவு என்று டப்பாவில் எழுதியிருக்காது, எழுதவும் முடியாது. இலையின் வயது, பறித்த பருவம், உலர்த்திய சூடு எல்லாவற்றுக்கும் தக்கபடி மாறும். கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர் இதையும் சேர்த்து விழுங்கிவிட்டு வெள்ளையணு குறையும்போது, எது குறைத்தது என்று பிரித்துச் சொல்ல எந்த ஆய்வகத்தாலும் முடியாது. மருத்துவர் தேவையில்லாமல் கீமோ அளவைக் குறைப்பார். நஷ்டம் அங்கே.

மரமஞ்சளின் பெர்பரின் காப்ஸ்யூல் இன்னொரு பிரபலம். மஞ்சள் நிறம், திறந்தால் விரலில் ஒட்டிக்கொண்டு இரண்டு தடவை சோப்புப் போட்டாலும் போகாது. ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்லைக் கொல்கிறது, மலேரியா கிருமியையும் தடுக்கிறது என்பது நிஜம். ஆனால் விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்துக்கு ஏறாது; குடல் சுவரே திருப்பித் தள்ளிவிடும். தட்டில் ஒரு மில்லிக்கு 50 மைக்ரோகிராம் தேவைப்பட்டது என்றால், 5 லிட்டர் ரத்தத்தில் மட்டும் அந்தச் செறிவை எட்ட 250 மில்லிகிராம் உள்ளே போக வேண்டும். நூற்றில் ஒன்று ஏறும் என்று தாராளமாகவே வைத்தாலும் 25 கிராம் விழுங்க வேண்டும், அதுவும் திசுக்களுக்குப் போவதைக் கணக்கில் சேர்க்காமல். இதில் வேடிக்கை என்னவென்றால், ரத்தத்தில் ஏறாத அதே பெர்பரின் சிஒய்பி3ஏ4ஐத் தடுக்க மட்டும் போதுமானது. வின்கிரிஸ்டின் எடுப்பவருக்கு அது என்ன அர்த்தம் என்று மேலே படித்தவர்களுக்குப் புரியும்.

"ஆய்வில் நிரூபணம்" என்று டப்பாவில் போட்டிருந்தால் பார்க்க வேண்டிய எண் ஐசி50, அதாவது கிருமியின் வளர்ச்சியைப் பாதியாகத் தடுக்கும் செறிவு. கச்சாச் சாறு மலேரியா கிருமியை மில்லிக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழேயே தடுத்தால் கவனிக்கலாம். 100 மைக்ரோகிராமில் தடுத்தது என்றால் மூடிவைத்துவிடலாம்; அந்தச் செறிவில் எது ஊற்றினாலும் ஏதாவது சாகும். அடுத்து, நல்ல செல்லை எவ்வளவில் கொன்றது? அந்த எண்ணைக் கிருமியைத் தடுத்த எண்ணால் வகுத்தால் 10க்கு மேல் வர வேண்டும். 2, 3 என்று வந்தால் அது பொதுவான விஷம், அவ்வளவுதான். எம்டிடி என்ற நிறச் சோதனையை மட்டும் நம்பிய அறிக்கையிலும் ஜாக்கிரதை: இலைச்சாற்றின் பாலிஃபீனால்கள் தாமாகவே அந்தச் சாயத்தை நிறம் மாற்றிவிடும், செல் செத்திருந்தாலும் உயிரோடு இருப்பதாகக் காட்டும்.

சாற்றில் ஆல்கலாய்டு இருக்கிறது என்பதற்கு டிராகன்டார்ஃப் கரைசலில் ஆரஞ்சு வீழ்படிவு வந்ததைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். புரதமும் சில ஆல்கலாய்டு அல்லாத பொருள்களும்கூட அப்படிப் படியும். ஒழுங்காகச் செய்பவர் பொடியை அம்மோனியாவில் நனைத்து, டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, நீர்த்த அமிலத்துக்கு இழுத்து, மறுபடி பிஎச் 9, 10க்குக் காரமாக்கி இரண்டாம் தடவை கரைப்பானில் எடுத்த பிறகுதான் சொட்டுப் போட்டுப் பார்ப்பார். பச்சையம், மெழுகு, டானின் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். அப்போது ஆரஞ்சு வந்தால் பேசலாம்.

வாங்கலாமா? வேண்டாம். ஏற்கெனவே வாங்கி எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் டப்பாவையே எடுத்துப்போய்ப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

வரிசையில் நிற்பவை

நித்தியகல்யாணி இலைக்கு மாற்று வழி ஒன்று நிஜமாகவே வந்துகொண்டிருக்கிறது. 2022இல் அமெரிக்க ஆய்வாளர் ஜே கீஸ்லிங்கின் குழுவினர் ரொட்டி புளிக்கவைக்கும் ஈஸ்டுக்குள் 34 மரபணுக்களைப் புகுத்தி, வின்டோலினையும் கேதரான்தினையும் அதனிடமிருந்தே வாங்கினார்கள். அவை இரண்டையும் ரசாயன முறையில் இணைத்தால் வின்பிளாஸ்டின். கிடைத்த அளவு இன்னும் தொழிற்சாலைக்குப் போதாது. ஆனால் மருந்துத் தட்டுப்பாடு வரும்போது வயலையும் மழையையும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்ற நம்பிக்கையைக் கொடுக்கிறது.

மலேரியாப் பக்கம், மேற்கு ஆப்பிரிக்காவின் கிரிப்டோலெபிஸ் வேரிலிருந்து வரும் கிரிப்டோலெபின் கொய்னாவைப் போலவே ஹீம் குப்பையைக் கட்டவிடாது. கானாவில் தேநீர்ப் பையாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். தடங்கல்: மனித டிஎன்ஏயின் படிகளுக்கு நடுவிலும் போய்ச் சொருகிக்கொள்ளும். அந்தக் குணம் புற்றுநோய் ஆய்வாளருக்கு ஆசை காட்டும், மலேரியா மருத்துவருக்கு அச்சம் கொடுக்கும். அதை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் தாக்கும் மாற்றுருவங்களைத் தேடுகிறார்கள்.

சீன மூலிகையான டைக்ரோவாவின் வேரிலிருந்து வரும் ஃபெப்ரிஃப்யூஜினுக்கு இதைவிட வீரியம். கிருமி புரதம் கட்டப் பயன்படுத்தும் புரோலில் டிஆர்என்ஏ நொதியைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் குடித்தவர் எடுக்கும் வாந்தியில் மருந்தே வெளியே வந்துவிடும், கல்லீரலுக்கும் ஆகாது. அதை மாற்றி உருவாக்கிய ஹாலோஃப்யூஜினோன் மனிதருக்கு மலேரியா மாத்திரையாக இன்னும் வந்தபாடில்லை. கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சலுக்குக் கலக்கிறார்கள்.